தியோகு சுவாமியும் துணைவரும்

10.02.2016, விபூதிப் புதன்

காலமைப் பூசையில நெத்தியில சாம்பல் பூசிக்கொண்டு நேரே கிளினிக்குப் போனன். கர்ப்பிணித் தாய்மார் நிறையப் பேர். சூசையின்ரை மருமகளுக்குக் கால் வீங்கியிருக்கு, பிரசர் கூட. மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போகச் சொன்னன். உப்பைக் குறை எண்டு எத்தினை தரம் சொன்னாலும் கருவாட்டுக் குழம்பைக் கைவிடாதுகள்.

பூசை முடியேக்க றெக்ஸ் ஃபாதர் ஒரு அறிவித்தல் சொன்னார். எங்கடை பழைய பங்குச் சுவாமி தியோகு சுவாமிக்கு, புனிதராக்க முதல் படியான முத்திப்பேறு பட்டம் கேட்கிறதுக்கு ஆயர் விசாரணை தொடங்கப் போறாராம். சண்டைக்குள்ள சனத்துக்காக உயிரைக் குடுத்த வேதசாட்சி எண்டு உலகத் திருச்சபைக்கே தெரியவேணுமாம். சனம் கை தட்டிச்சுது. விபூதிப் புதனில கை தட்டினதை என்ரை சீவியத்தில இண்டைக்குத்தான் கண்டன்.

பட்டம் கேட்கிற வழக்குக்குப் பேரும் வைச்சாச்சு. "தியோகுப்பிள்ளை அடிகளும் துணைவரும்." துணைவர் எண்டது அவரோட செத்த வஸ்தியான். என்ரை மனுசன். சனம் முழுக்கத் திரும்பி என்னைப் பாத்துது. நான் முன்னால இருந்தவவின்ரை முக்காட்டைப் பாத்துக்கொண்டிருந்தன்.

துணைவராம். அவரைக் கைப்பிடிச்சது நான். தியோகு சுவாமி எங்களுக்குக் கலியாணம் கட்டி வைச்சவர். அவ்வளவுதான் அவருக்குப் பங்கு.

14.02.2016

பின்னேரம் றெக்ஸ் ஃபாதரும் கோயில் சபைத் தலைவர் அருமைநாயகம் மாஸ்டரும் வந்தவை. தேத்தண்ணி குடுத்தன். ஃபாதர் நல்ல பிள்ளைதான். சண்டை முடிஞ்சாப் பிறகு குருவானவர். தொண்ணூறாம் ஆண்டு எங்கடை பாலைக்குடாவில நடந்ததை அவர் என்னைவிட நல்லாய்ச் சொல்லுறார்.

ஊர் சொல்லுறது இதுதான். ஆவணி மாதம், பின்னேரம். துவக்கோட ஆக்கள் வருகினம் எண்டு தெரிஞ்சு சனம் கோயிலுக்குள்ள ஓடினது. உள்ளுக்க இருக்கிற பொடியன்களை வெளியில விடச்சொல்லி வந்தவை கேட்டிச்சினம். தியோகு சுவாமி அங்கியோட வாசலில நிண்டு, என்னைத் தாண்டித்தான் போகலாம் எண்டார். அவர் மறிச்சுக்கொண்டு நிண்ட நேரத்துக்குள்ள சனம் பூசை உடுப்பு மாத்துற அறைக் கதவால கடற்கரைக்கு இறங்கித் தப்பிச்சுது. வஸ்தியான் கோயிலில மணி அடிக்கிறவர், பூசைக்கு எல்லாம் ஆயத்தம் செய்யிறவர். அவரும் ஓடியிருக்கலாம். சுவாமியைத் தனிய விடமாட்டன் எண்டு நிண்டிட்டார். இரண்டு பேரையும் கோயிலின்ரை வடக்குச் சுவரோட வைச்சுச் சுட்டவை. வந்தது ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும். நான் எழுதமாட்டன்.

நான் அந்த நேரம் ஊரில இல்லை. பக்கத்து ஊரில பிள்ளைப்பேறு பாக்கப் போயிருந்தன்.

ஃபாதருக்கு வஸ்தியான் பாவிச்ச சாமான் ஏதும் இருந்தால் வேணுமாம், பத்திரமாய் வைக்கிறதுக்கு. இடம்பெயர்ந்ததில எல்லாம் போட்டுது எண்டு சொல்லிப்போட்டன். அவர் உடுத்த சாரம் ஒண்டு என்ரை சீலைக்கு அடியில கிடக்கு. அதைத் தொட ஒருத்தருக்கும் விடமாட்டன்.

நானும் விசாரணையில சாட்சி சொல்லவேணுமாம். பாப்பம் எண்டன்.

17.02.2016

வவுனியாவில இருந்து மகள் யூடித் கோல் எடுத்தா. அவவுக்குச் சந்தோசம். தகப்பன் சாகேக்க அவவுக்கு இரண்டு வயசு. ஏன் அம்மா உங்கடை குரல் இப்பிடிக் கிடக்கு எண்டு கேட்டா. தடிமன் எண்டன்.

26.02.2016

எமில்டா வந்திட்டாவாம்.

கிளினிக்கில ஒரு பிள்ளைத்தாச்சிதான் சொன்னது. இந்தியாவில மண்டபம் முகாமில இவ்வளவு காலமும் இருந்தவ, தமையன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாவாம். அண்டைக்குக் கோயிலில இருந்த ஆள் எண்டு ஃபாதரே தேடிப் பிடிச்சுக் கதைச்சவராம்.

எமில்டா வஸ்தியானுக்குச் சொந்த மச்சாள். தாய்மாமன்ரை மகள். சின்னனில இருந்தே இவனுக்கு இவள் எண்டு இரண்டு வீட்டிலயும் பேசி வைச்சிருந்தவை. நான் இந்த ஊருக்கு மருத்துவிச்சி மிஸ்ஸியாய் வந்ததோட அது குழம்பினது. நான் ஆரிட்டையும் பறிக்கேல்லை. அவர்தான் என்ரை சைக்கிளுக்குக் காத்தடிச்சுத் தாறன் எண்டு வந்து வந்து நிண்டவர். எங்கடை கலியாணத்தில எமில்டா பந்தியில சோறு பரிமாறினா. சிரிச்சுக்கொண்டு பரிமாறினா. அதை நான் மறக்கேல்லை.

அவ கடைசிவரைக்கும் கலியாணம் கட்டேல்லையாம். அதை ஏன் எனக்குச் சொல்லுகினமோ தெரியாது.

01.03.2016

கடையில சீனி வாங்கப் போன இடத்தில கேட்டுக்கொண்டு நிக்க வேண்டி வந்தது. வஸ்தியானைக் கடைசியாய்க் கண்டது எமில்டாவாம். கடைசிக் கதை கதைச்சதும் அவவோடதானாம். சொன்னவ என்னைக் கண்ட உடனை கதையை மாத்திப் பருப்பு விலையைப் பற்றிக் கதைச்சா.

சீனியை மறந்து வீட்டை வந்திட்டன்.

அண்டைக்குக் காலமை அவர் எனக்குச் சொன்ன கடைசிக் கதை, பிலோ குடையைக் கொண்டு போ எண்டது. மழைக்காலமும் இல்லை, வெயிலுக்குத்தான். அதைத்தான் நான் இவ்வளவு காலமும் கடைசிக் கதை எண்டு வைச்சிருந்தன். அதுக்குப் பிறகும் ஒண்டு இருக்காம், அது இன்னொருத்தியிட்ட இருக்காம்.

06.03.2016, ஞாயிறு

எமில்டா வந்து வாசல் படலையில நிண்டு, "அக்கா, அக்கா" எண்டு கூப்பிட்டா. நான் பின்பக்கத்தால இறங்கிக் கிளினிக்குப் போட்டன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்தது. திறந்து உள்ளுக்க இருந்து தராசைத் துடைச்சன்.

10.03.2016

திரும்பவும் வந்தவவாம். முருங்கைக்காய் கொஞ்சம் படலையில கொழுவிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டன்.

13.03.2016

கோயில் சுவரில சுவாமியின்ரை படமும் இவரின்ரை படமும் பக்கத்தில பக்கத்தில மாட்டி, சுத்திவரச் சின்ன பல்ப் மாலை போட்டிருக்கினம். அருமைநாயகம் மாஸ்டரின்ரை வேலை. இவரின்ரை படத்தை எங்க இருந்து எடுத்தவையோ, தலைக்குப் பின்னால வட்டமாய் வெளிச்சமும் கீறி வைச்சிருக்கு. பொம்பிளையள் படத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில ஒத்துகினம். ஒருத்தி அவரின்ரை நெஞ்சில கை வைச்சுக்கொண்டு நிண்டு செபிச்சா. எனக்கு அந்தக் கையைப் பிடிச்சு இழுக்கவேணும் போல இருந்தது.

இந்தாள் குறட்டை விடும். கோவம் வந்தால் சாப்பிடாது. கணவாய்க் கறிக்குப் புளி கூட எண்டு கோப்பையைத் தள்ளிவிடும். அதெல்லாம் தெரியாமல் என்னத்தைக் கும்பிடுகினம்?

பூசைக்குப் பிறகு றெக்ஸ் ஃபாதர் வந்து பல்ப்பையும் படங்களையும் கழட்டச் சொன்னார். திருச்சபை தீர்மானிக்க முன்னம் நாங்கள் வணக்கம் செலுத்தினால் வழக்குக்கே கூடாதாம். மாஸ்டரின்ரை முகம் கறுத்துப் போச்சு. நான் வீட்டை வந்து நல்லாய்ச் சாப்பிட்டன்.

19.03.2016

றெக்ஸ் ஃபாதர் கிளினிக்குக்கே வந்து விசாரணை எப்பிடி எண்டு விளங்கப்படுத்தினார். ஆயர் இல்லத்தில மூண்டு குருமார் இருந்து கேட்பினம். வேதாகமத்தில கை வைச்சுச் சத்தியம் செய்யவேணும். உண்மையைச் சொல்லுவன் எண்டு ஒரு சத்தியம். அங்க சொன்னதை வெளியில சொல்லமாட்டன் எண்டு இன்னொண்டு. எழுதினதெல்லாம் பெட்டியில வைச்சு முத்திரை குத்தி ரோமாபுரிக்குப் போகுமாம்.

எமில்டாவுக்கு உயிர்ப்பு ஞாயிறு கழிஞ்சு வாற வெள்ளிக்கிழமை. எனக்கு அதுக்கு அடுத்த கிழமை.

அவர் போனாப் பிறகுதான் எனக்கு விளங்கினது. சத்தியம் செய்தாப் பிறகு எமில்டா எனக்குச் சொல்லமாட்டா. வஸ்தியான் கடைசியாய்ச் சொன்னது மூண்டு குருமாருக்குத் தெரியும், ரோமாபுரிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

25.03.2016, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிய எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு எமில்டா வடக்குச் சுவரடியில முழந்தாளில இருந்தா. நிலத்தில கையை விரிச்சு வைச்சிருந்தா. தலைமயிர் பஞ்சாய் வெளுத்துப் போச்சு. நான் அந்தச் சுவரடிக்கு ஒரு நாளும் போனதில்லை. என்னால ஏலாது. அவவுக்கு ஏலுது.

என்னைக் கண்டு எழும்பினா. நான் நடந்திட்டன்.

30.03.2016

ஆறு தாய்மாருக்கு வீடு பாத்துவிட்டு வந்தன். சூசையின்ரை மருமகளுக்குப் பெண் பிள்ளை. சுகம்.

நாளைக்குப் போகாட்டில் பிறகு போய்ப் பிரியோசனம் இல்லை.

31.03.2016

போனன்.

எமில்டா தமையன் வீட்டுப் பின்விறாந்தையில இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைச்சுப் போட்டா. நீர் நாளைக்குப் போறீராம் எண்டன். ஓம் எண்டா. இலையில கொஞ்சத்தை எடுத்து நானும் உருவினன். அவதான் தொடங்கினா.

சுவாமி முன்வாசலில மறிச்சுக்கொண்டு நிக்க, வஸ்தியான்தான் கடற்பக்கக் கதவைத் திறந்து பொம்பிளையளையும் பிள்ளையளையும் பொடியன்களையும் இறக்கினவராம். கடைசி ஆள் எமில்டா. அவரின்ரை கையைப் பிடிச்சு, மச்சான் நீங்களும் வாங்கோ, கழுத்தளவு தண்ணியில நிண்டால் தப்பலாம் எண்டு இழுத்திருக்கிறா.

"அவர் வரத்தான் வெளிக்கிட்டவர் அக்கா. ஒரு காலைப் படியில வைச்சிட்டார். உடம்பெல்லாம் நடுங்கினது. பயத்தில சாரம் நனைஞ்சு போச்சு. இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

நான் இன்னொரு காம்பை எடுத்து உருவினன்.

"பிறகு டக்கெண்டு நிண்டிட்டார். 'பிலோ வாற நேரம். ரோட்டில வந்துகொண்டிருப்பாள். மணி அடிக்கவேணும்' எண்டார். என்ரை கையை உதறிவிட்டார். நான் திரும்பப் பிடிச்சன். திரும்பவும் உதறிப்போட்டு மணிக்கோபுரப் பக்கம் ஓடினவர். நான் தண்ணிக்குள்ள நிண்டு மணியைக் கேட்டுக்கொண்டிருந்தன். அது நிண்டது. கொஞ்ச நேரத்தால வெடிச் சத்தம்."

அந்த மணியை நானும் கேட்டனான். சைக்கிளில வந்துகொண்டிருந்தன். கோயில் தூரத்தில தெரியுது. செப நேரமும் இல்லை, செத்தவீட்டு மணியும் இல்லை. விசர் பிடிச்ச மாதிரி ஒரு மணி. இறங்கி நிண்டன். எனக்குப் பின்னால மீன் வித்துப்போட்டுச் சைக்கிளில நாலைஞ்சு பேர் வந்தவை, ஞானப்பிரகாசம் அண்ணையும் அதுக்குள்ள. அவையையும் மறிச்சுத் திருப்பிக்கொண்டு பனை வடலிக்குள்ள ஒளிச்சம். தியோகு சுவாமி சொல்லித்தான் மணி அடிச்சிருப்பினம் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன். சுவாமி வாசலில நிண்டிருக்கிறார். அவர் எங்க சொன்னது?

எமில்டா இலையைத் தள்ளி வைச்சிட்டு என்னைப் பாத்தா.

"ஊர் முழுக்க அவர் சுவாமிக்காக நிண்டவர் எண்டுதான் சொல்லுது. நாளைக்கு நான் வேதாகமத்தில கை வைக்கவேணும். நடந்ததைச் சொன்னால் அவரை வழக்கில இருந்து எடுத்துப்போடுவினமோ எண்டு பயமாயிருக்கு. மறைச்சால் பொய்ச்சத்தியம். அதுதான் உங்களைத் தேடி வந்து வந்து போனனான். நீங்கள் சொல்லுங்கோ அக்கா. அவர் உங்கடை ஆள்."

"நடந்ததை அப்பிடியே சொல்லும்" எண்டன். யோசிக்கவேயில்லை.

வாற வழி முழுக்க எனக்குச் சந்தோசம். இதை எழுத வெக்கமாயிருக்கு, ஆனால் சந்தோசம். சுவாமிக்காக இல்லை. வேதத்துக்காகவும் இல்லை. மச்சாள் கையைப் பிடிச்சு இழுக்க, உதறிப்போட்டு என்ரை பேரைச் சொல்லியிருக்கிறார். இரண்டு தரம் உதறியிருக்கிறார். ரோட்டில ஆரோ என்னைப் பாத்து, என்ன மிஸ்ஸி இண்டைக்குச் சிரிச்ச முகமாய் எண்டு கேட்டது.

வீட்டை வந்து கதவைச் சாத்தின பிறகுதான் மற்றது விளங்கிச்சுது. நான் அந்த ரோட்டில வராமல் விட்டிருந்தால் அவர் மற்றக் காலையும் படியில வைச்சிருப்பார்.

02.04.2016

சமைக்கேல்லை.

07.04.2016

இண்டைக்கு என்ரை முறை. காலமை பஸ்ஸில இருந்து இதை எழுதுறன், எழுத்து ஆடுது.

ரோட்டில வேற ஆரும் வந்தவையோ எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? நான் மட்டுந்தான் எண்டு சொல்லப் போறன். மீன்காரரைப் பற்றிச் சொன்னால், அவர் ஊருக்காக அடிச்சவர் எண்டு ஆக்கிப்போடுவினம். பிறகு திரும்பவும் எல்லாருக்கும் சொந்தம். அவர் சொன்னது பிலோ எண்டு. ஞானப்பிரகாசம் எண்டில்லை.

பின்னேரம்: முடிஞ்சுது. அங்க சொன்னதை எழுதக்கூடாது. இவ்வளவுதான் எழுதலாம்: பஸ்ஸில நினைச்சுக்கொண்டு போனது, வேதாகமத்தில கை வைச்ச பிறகு வாயில வரேல்லை. மீன்காரர் எல்லாரும் வந்து நிண்டிட்டினம்.

12.06.2016

மழை வருமெண்டு கருவாட்டைத் தூக்கிவைச்சன். வரேல்லை.

18.09.2016

றெக்ஸ் ஃபாதர் வீட்டை வந்து, இருக்காமல் நிண்டுகொண்டு சொன்னார். ஆயரின்ரை ஆலோசகர்கள் எல்லாத்தையும் படிச்சுப்போட்டு, தியோகு சுவாமியின்ரை வழக்கை மட்டும் அனுப்புவம் எண்டு தீர்மானிச்சிருக்கினம். வஸ்தியான் நல்ல கிறிஸ்தவர், நல்ல மனுசன், ஆனால் வேதசாட்சி எண்டு நிறுவ இது காணாதாம். வழக்கின்ரை பேரையும் மாத்தியாச்சு. இனித் துணைவர் இல்லை.

கவலைப்படாதையுங்கோ அம்மா எண்டார். கவலைப்படேல்லை ஃபாதர் எண்டன். அவர் நான் அழுதுபோடுவன் எண்டு பயந்து வந்திருக்கிறார். பாவம். தேத்தண்ணி குடிக்கச் சொல்லி இருத்தினன்.

25.09.2016, ஞாயிறு

பூசையில அறிவிச்சவை. வெளியில வர அருமைநாயகம் மாஸ்டர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், இரண்டு பொம்பிளையள் சேர்ந்து ஒரு வேதசாட்சியைக் கவிட்டுப்போட்டாளவை எண்டு. என்ன சொன்னம் எண்டு அவருக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேரின்ரை சாட்சிக்குப் பிறகுதான் எல்லாம் மாறினது எண்டு மட்டும் தெரியும். படத்தில கை வைச்சுச் செபிச்சவ எனக்கு முகம் குடுக்கேல்லை. எமில்டா மற்றப் பக்கத்தால போனா.

பின்னேரம் யூடித் அழுதழுது கோல் எடுத்தா.

"எனக்கு அப்பா எண்டால் ஒரு படம்தானே அம்மா. அது கோயிலில இருந்தால் உங்களுக்கு என்ன?"

சத்தியம் செய்தது, சொல்லேலாது. ஆனால் எமில்டா எனக்குச் சொன்னது சத்தியத்துக்கு முதல். அதைச் சொல்லலாம். சொன்னன். நடுங்கினதையும் சொன்னன், சாரம் நனைஞ்சதையும் சொன்னன், மணியையும் சொன்னன். பிறகு, அப்பா அவ்வளவு பயந்தவரோ எண்டு கேட்டா. ஓம் பிள்ளை, அவர் பூரானுக்கும் பயம் எண்டன். அவ சிரிச்சா. தகப்பனைப் பற்றி அவ சிரிச்சதை முதல் தரம் கேட்டன்.

02.11.2016, சகல ஆத்துமாக்கள் திருநாள்

சேமக்காலையில சமாதியளைச் சுத்திச் சனம் நிறைய. தியோகு சுவாமியைக் கோயிலுக்குள்ள அடக்கினவை, இவர் இஞ்ச கடற்பக்க மூலையில. யூடித் வரேலாமல் போட்டுது. நான் நேற்றே வந்து சமாதிக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போனனான். இண்டைக்குப் பூவும் மெழுகுதிரியும்.

எமில்டா படலைக்கு வெளியில நிண்டா. கையில ஒற்றை மெழுகுதிரி. தாய் தகப்பன்ரை சமாதிக்குப் போட்டு வாறா ஆக்கும் எண்டு நினைச்சன். அவையின்ரை சமாதியில ஏற்கெனவே கொளுத்தியாச்சு, இஞ்ச இருந்து தெரியுது. எல்லாரும் போற வரைக்கும் நிண்டிருக்கிறா. பிறகு கிட்ட வந்தா.

"அக்கா, நானும் ஒண்டு கொளுத்தட்டோ?"

அவ நிலத்தைப் பாத்துக்கொண்டு மெல்லச் சொன்னா:

"அவருக்கு அந்தப் பட்டம் கிடைச்சிருந்தால், ஒருத்தரிட்டையும் கேட்காமல் கும்பிட்டிருப்பன்."

சொல்லிப்போட்டுச் சீலைத் தலைப்பால வாயைப் பொத்தினா, தவறி வந்த கதை மாதிரி. நான் அவவையே பாத்துக்கொண்டு நிண்டன். பங்குனியில அந்த விறாந்தையில இருந்து, அவர் உங்கடை ஆள் எண்டு அவ எனக்குச் சொல்லேக்க, என்னத்தை எடுத்து என்ரை கையில தந்தவ எண்டு அப்பதான் எனக்கு உறைச்சது. வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அவவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். அவரின்ரை படத்துக்கு முன்னால, ஊரோட ஊராய்.

"இதில கொளுத்து" எண்டன். தலைமாட்டைக் காட்டினன். அவவை நீ எண்டு கூப்பிட்டது இதுதான் முதல் தரம்.

நான் கால்மாட்டுக்குப் போனன். அவ முழந்தாளில இருந்து கொளுத்தினா. கடற்காத்து அணைச்சுது, திரும்பக் கொளுத்தினா, இரண்டு கையாலயும் மறைச்சுப் பிடிச்சுக்கொண்டு கண்ணை மூடினா. சொண்டு அசைஞ்சுது. அவருக்கு என்ன சொல்லுறாவோ தெரியாது. கன நேரம் எடுத்தா.

நான் ஒருக்கால் இருமிப் பாத்தன்.

அவவுக்குக் கேட்கேல்லை. சரி, இருக்கட்டும் எண்டுபோட்டு, மற்றச் சமாதியளைப் பாக்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நிண்டன்.